இரவு மாத்திரை

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மகளும் சுகம் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. பயப்படும்படி ஒன்றுமில்லை. முழுக்கப் படித்துவிட்டுப் பிறகு பதறு.

உன் மகள் குண்டூசிக்குக் கொஞ்ச நாளாகத் தலைவலி. பள்ளியிலிருந்து வந்ததும் பையை ஒரு மூலையிலும் தன்னை இன்னொரு மூலையிலும் போட்டுவிடுவாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்குத் தலைவலி என்றால் என்ன தோன்றும்? கண்ணாடிதான் தோன்றும். கடையில் வைத்துச் சோதித்தோம், பவர் ஒன்றுமில்லை என்று வந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. இருப்பதிலேயே குறைந்த பவரில் ஒன்று செய்து, நானே ஃபிரேமில் பொருத்தி மாட்டிவிட்டேன். அவளும் அழகாக இருக்கிறது என்று போட்டுக்கொண்டு திரிந்தாள். தலைவலி மட்டும் போகவில்லை.

வாரம் ஒருமுறை கடைக்கு வருகிற கண் டாக்டரிடம் கடைசியில் காட்டினேன். சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். "இந்தப் பொண்ணுக்கு பிரஷர் பார்த்திருக்கீங்களா?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணுக்குப் பின்புறம் இருக்கிற ரத்தக் குழாய்கள் பதினாலு வயதுக் குழந்தைக்கு இருக்க வேண்டியபடி இல்லையாம்.

அன்றைக்கே குழந்தைகள் டாக்டரிடம் ஓடினேன். அந்த அம்மாள் அவளை முதுகு சாய்ந்து உட்காரவைத்து, கொஞ்சநேரம் பேசாமல் இருக்கச் சொல்லி, கை அளவுக்குத் தகுந்த பட்டையைத் தேடி எடுத்துக் கட்டினார். நூற்று நாற்பத்தாறு, கீழே தொண்ணூற்று நாலு. ஒரு நாள் அளந்ததை வைத்து முடிவு கட்டக்கூடாதாம். இன்னும் இரண்டு தடவை வரச் சொல்லியிருக்கிறார். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். நம் அப்பா ஒரு காலையில் முகம் கழுவப் போன இடத்தில் சரிந்து விழுந்து, அப்புறம் எழுந்திருக்காததைச் சொன்னேன். என்னையும் உட்காரவைத்து அளந்தார். எனக்குச் சரியாக இருக்கிறது. இத்தனை கோபக்காரிக்கு எப்படி என்று உன் மகள் அங்கேயே கேட்டாள்.

உன்னுடைய பிரஷர் எவ்வளவு என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். உடனே பார்த்து எழுது.

உன் அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் கடிதம் நேற்றுதான் சாமான் வண்டியில் வந்தது. படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. நம் குண்டூசிக்கா பிரஷர்? காற்றடித்தால் பறக்கிற உடம்பு அது. அது வயசான, கனத்த ஆட்களுக்கு வருகிற சங்கதி என்றல்லவா நினைத்திருந்தேன். மிஷின் பழசாக இருக்கும். வேறு டாக்டரிடமும் ஒருமுறை காட்டு.

இங்கே அணைச் சுவர் ஏறிக்கொண்டிருக்கிறது. கிரேன் கூண்டுக்குள் காலையில் ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குகிறேன். கீழே இருப்பவர்கள் என்னை மேல்வீட்டுக்காரர் என்கிறார்கள். தபால் வந்தால்கூட கருவிப் பையில் போட்டுக் கயிற்றில் மேலே அனுப்பிவிடுகிறார்கள். செல்போன் இந்தப் பள்ளத்தாக்கில் செத்த பொருள். என் கூண்டில் மட்டும் ஒரு கோடு சிக்னல் வரும், ஆனால் அங்கே போன் கொண்டுபோகத் தடை. நியாயம்தான், கொக்கியில் டன் கணக்கில் கான்கிரீட் தொங்கும்போது யாரும் போனைப் பார்க்கக்கூடாது. மருத்துவ அறையில் அவசரத்துக்கு ஒரு போன் இருக்கிறது. இங்கிருந்து வெளியே பேசலாம், வெளியிலிருந்து கூப்பிட முடியாது. ஆகவே கடிதம்தான் கதி.

இந்த வருஷக் கடைசியில் சுவர் முடிந்துவிடும். முதல் தொட்டி கான்கிரீட்டை நான்தான் தூக்கி வைத்தேன். கடைசித் தொட்டியையும் நானே வைக்க வேண்டும் என்று ஓர் ஆசை. பிப்ரவரி நடுவில் ஒரு வாரம் விடுப்பு. வந்து நேரில் பார்க்கிறேன். குழந்தையிடம் தைரியம் சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலம் என்று எழுதியதில் நிம்மதி. ஆனால் நான் கேட்டதற்குப் பதிலைக் காணோம். நாலு பக்கம் கிரேனைப் பற்றி எழுதுகிறவனுக்கு இரண்டு எண் எழுத இடமில்லாமல் போயிற்றா?

மூன்று தடவை அளந்தாகிவிட்டது, மூன்றும் அதிகம். மிஷின் பழசு இல்லை. சிறுநீர், ரத்தம் எல்லாம் எடுத்தார்கள். சின்ன வயதில் பிரஷர் ஏறினால் முதலில் சிறுநீரகத்தைத்தான் சந்தேகப்படுவார்களாம். ஸ்கேனில் அது நன்றாக இருக்கிறது. இதயத்தில் மட்டும் ஒரு பக்கச் சுவர் லேசாகத் தடித்திருக்கிறதாம். பிரஷரை ஒழுங்காக வைத்தால் அது தானாகப் பழைய நிலைக்கு வரும் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒன்று. மஞ்சள் நிறத்தில் பொடியாக இருக்கிறது. ஆஸ்பத்திரியிலேயே மாதாமாதம் எண்ணிக் கொடுக்கிறார்கள். காலை மாத்திரையை நான் எதிரில் நின்று விழுங்கவைக்கிறேன். கடையை மூடிவிட்டு நான் வருவதற்குள் அவள் சாப்பிட்டுவிடுவதால், இரவு மாத்திரையை அவளே போட்டுக்கொள்கிறாள். பொறுப்பான பெண், அதில் உன் மாதிரி இல்லை.

வீட்டில் உப்பைக் குறைத்தாயிற்று. பாக்கெட் வறுவலுக்கு விடை கொடுத்தாயிற்று. நாக்கு செத்துப்போயிற்று என்று இருவரும் ஒரே குரலில் புலம்புகிறோம். மாலையில் ஒரு மணி நேரம் சைக்கிள். வீட்டில் அளக்க ஒரு மிஷின் வாங்கினேன், அவள் கைக்குச் சின்னப் பட்டை, எனக்குப் பெரிய பட்டை. அளப்பதற்கு முன் பேசாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அவளுக்குப் பெரிய வைத்தியம்.

குழந்தையின் அப்பாவான உன் பிரஷர் தெரிந்தால் இது குடும்ப வழியில் வந்ததா என்று முடிவு செய்ய உதவும் என்று டாக்டர் மறுபடி சொன்னார். வரும்போது நேராக அவரிடமே அழைத்துப் போகிறேன்.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். தலைவலி குறைந்திருக்கிறது. நீங்கள் வேலைக்குத் திரும்பிய பிறகு வீடு பெரிசாகிவிட்டது. அத்தை உங்களை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார். டாக்டரிடம் போக வேண்டிய அன்றைக்குப் பார்த்து யாருக்காவது பழைய நண்பன் ஞாபகம் வருமா என்று கேட்கிறார்.

நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியம் செய்தால் செய்ததுதான். ஆனால் அப்பா, எனக்கு அந்த நம்பர் மறக்கவே மாட்டேன் என்கிறது. விளையாட்டுக்குத்தான் பெரிய பட்டையை உங்கள் கையில் கட்டினேன். நூற்று எழுபத்தெட்டு என்று வந்ததும் மிஷின் கெட்டுவிட்டது என்று மறுபடி கட்டினேன், அப்போதும் அதேதான். நீங்கள் சிரித்துக்கொண்டே, "அத்தைகிட்ட மூச்சு விடாதே. தெரிஞ்சா என்னை கிரேன்ல ஏத்த மாட்டாங்க. சுவர் முடியட்டும், நானே போய்க் காட்டறேன்" என்றீர்கள். சுவர் முடிய வருஷக் கடைசி ஆகும். என்னுடையது உங்களைவிடக் குறைவு, அதற்கே கண்ணுக்குள்ளும் இதயத்திலும் போய்விட்டது. உங்களுக்குள் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் பார்க்கவில்லை. தாத்தா விழுந்த கதையை அத்தை டாக்டரிடம் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

அம்மா காய்ச்சலில் போனது எனக்கு நினைவில்லை. அதனால் அதை நினைத்து அழவும் தெரியாது. உங்கள் விஷயம் அப்படி இல்லை.

அதனால் மருந்து அனுப்பியிருக்கிறேன். டாக்டர் எனக்கு மாத்திரையை மாற்றிவிட்டார், பழையது மீந்துவிட்டது. அட்டையோடு வைத்தால் உறைக்குமேல் தெரியும் என்று பிரித்துக் காகிதத்தில் மடித்திருக்கிறேன். தினமும் இரவில் ஒன்று போடுங்கள்.

உங்கள் குண்டூசி


மார்ச் 20

என் செல்லக் குண்டூசிக்கு,

அப்பா நலம், உன் புண்ணியத்தில் நிஜமாகவே நலம். முதலில் மாத்திரையைப் பார்த்ததும் பொட்டலத்தை மறுபடி மடித்துவிட்டேன். திருப்பி அனுப்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் இந்த வாரம்தான் எங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கிற உடல் தகுதிச் சோதனை. போன தடவை மயிரிழையில் தப்பினேன், இந்தத் தடவை தப்ப மாட்டேன் என்று தெரியும். நீ சொன்னபடி தினம் இரவில் ஒன்று போட்டேன். சோதனையன்று எதுவும் நடக்காத மாதிரி உட்கார்ந்து கையை நீட்டினேன். மருத்துவ அறை டாக்டர் அளந்துவிட்டு, மேலே ஏறலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

அப்போது உன்னை நினைத்துக்கொண்டேன். நீ பெரிய ஆள். இப்போது தலை லேசாக இருக்கிறது, காலையில் கழுத்தில் இருந்த கனம்கூட இல்லை. சுவர் முடிகிற வரைக்கும் இப்படியே ஓட்டிவிட்டால் போதும்.

உன் மருந்தை நீ ஒழுங்காகப் போடு, அதில் விளையாடக்கூடாது. உன்னுடைய பழைய மாத்திரை இன்னும் மீதம் இருந்தால் மட்டும் அனுப்பு. இல்லாவிட்டால் வேண்டாம். அத்தைக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை, அவள் ஏற்கெனவே நிறையச் சுமக்கிறாள்.

சைக்கிள் ஓட்டுகிறாயா? பள்ளத்தில் பார்த்துப் போ.

அப்பா


ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழி நீ வைக்கவில்லை.

இங்கே நிலைமை சரியில்லை. முதல் மாதம் நன்றாகத்தான் இறங்கியது. தலைவலி போயிற்று, நானும் தலை நிமிர்ந்தேன். பிறகு மறுபடி ஏறத் தொடங்கியது. மாலையில் கொஞ்சம் பரவாயில்லை, காலையில் எழுந்ததும் பார்த்தால் பழைய இடத்துக்கே போயிருக்கிறது. டாக்டர் ஒருநாள் முழுக்க உடம்பிலேயே கட்டிவைத்து அளக்கிற மிஷின் ஒன்றைக் கொடுத்தார். இடுப்பில் பெட்டி, கையில் பட்டை, அரை மணிக்கொரு தடவை உறுமிக்கொண்டு இறுக்கும். அதோடு பள்ளிக்குப் போனாள். கணக்கு டீச்சர், வகுப்பில் யார் செல்போன் என்று பெஞ்சு பெஞ்சாகத் தேடினாராம். இவள் எழுந்து, என் கைதான் மிஸ் என்றாளாம். அன்றைக்கு மட்டும்தான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

முடிவைப் பார்த்த டாக்டருக்கு முகம் மாறிவிட்டது. இரவு முழுக்க இறங்கவே இல்லை. மாத்திரை தவறாமல் போடுகிறாளா என்று என்னைக் கேட்டார். எனக்கு வந்ததே கோபம். பின்னே நான் காற்றையா கொடுக்கிறேன் என்று கேட்டுவிட்டேன். வெறும் அட்டைகளைக்கூடக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். குழந்தையையும் கேட்டார், தலையை ஆட்டினாள். சரி என்று அதே மாத்திரையில் காலையில் இரண்டாக ஏற்றியிருக்கிறார். அதற்கும் இறங்காவிட்டால் வேறு சோதனை செய்ய வேண்டிவரும் என்கிறார்.

உன் பிரஷரை மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். டாக்டர் கேட்பதை விட்டுவிட்டார்.

அக்கா


மே 10

தம்பிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறாய். அந்தப் பக்கம் மழையில் சாலை சரிந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். அதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இந்த மாதம் இருபத்து மூன்றாம் தேதி குண்டூசியை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். மருந்துக்கு அடங்காத பிரஷர் என்றால் சிறுநீரகத்துக்குப் போகிற குழாய் எங்காவது சுருங்கியிருக்கலாமாம், ஸ்கேனில் தப்பியிருக்கலாமாம். அன்றைக்கே தொடையில் துளை போட்டு, ரத்தக் குழாய் வழியாக மெல்லிய ட்யூப் ஒன்றை உள்ளே செலுத்தி, மருந்து விட்டுப் படம் எடுப்பார்கள். ஆபத்து குறைவுதான், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். கையெழுத்து நான்தான் போட வேண்டும். பெற்றவன் மலையில் இருக்கிறான்.

வலிக்குமா என்றுகூட அவள் கேட்கவில்லை. நேற்று மட்டும், "அத்தை, அந்த டெஸ்ட் எடுக்காம இருக்க என்ன பண்ணணும்?" என்றாள். பிரஷர் இறங்கணும் கண்ணு என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

முடிந்தால் வா. முடியாவிட்டால் ஒரு வரியாவது எழுது. எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா


மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் நான் சொன்னது பாதி உனக்குக் கேட்டிருக்காது. குழறினேன், அழுதேன், நீ யார் யார் என்று கத்தினாய். ஆகவே மறுபடி எழுதுகிறேன்.

சாலை திறந்து சாமான் வண்டி இருபத்திரண்டாம் தேதி மதியம் வந்தது. உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. வழக்கம்போல் கருவிப் பையில் மேலே ஏற்றிவிட்டார்கள். கொக்கியில் இருந்த தொட்டியை வைத்துவிட்டு, கூண்டில் உட்கார்ந்து பிரித்தேன். நாளை காலையில் அவள் தொடையில் துளை போடப்போகிறார்கள். இரவில் ஏன் பிரஷர் இறங்கவில்லை என்று உன் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. அவளுடைய இரவு மாத்திரை என் தகரப் பெட்டியில் இருந்தது. மார்ச்சில் ஒரு பொட்டலம், ஏப்ரலில் ஒரு பொட்டலம்.

இறங்கினேன். மருத்துவ அறையில் போன் டாக்டரின் மேசையிலேயே இருக்கிறது. அவர் எதிரில் உட்கார்ந்துதான் பேச வேண்டும், அதுவும் உரக்கப் பேசினால்தான் அந்தப் பக்கம் கேட்கும். அவரை வெளியே போகச் சொல்லக் கேட்டிருக்கலாம், அவர் நல்ல மனிதர், போயிருப்பார். கேட்கத் தோன்றவில்லை. என் பிரஷரை அவள் கண்டுபிடித்ததும், நான் வாயைப் பூட்டியதும், அவள் மாத்திரையை நான் விழுங்கியதும், அதை விழுங்கித் தகுதிச் சோதனையில் தேறியதும், எல்லாம் உன்னிடம் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் போனை வைத்ததும் பட்டையை எடுத்து என் கையில் கட்டினார். நீ இத்தனை மாதமாகக் கேட்டது இதுதான் அக்கா: அழுத பதற்றத்தில் மாத்திரையையும் மீறி நூற்று எண்பத்திரண்டு, கீழே நூற்றுப் பத்து. "இதை வெச்சுக்கிட்டா மேல ஏறினீங்க? கொக்கிக்குக் கீழ எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு பார்த்திருக்கீங்களா?" என்றார். தினமும் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அப்படிப் பார்த்ததில்லை.

கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். எனக்கென்று மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது கீழே நின்று மேலே இருப்பவனுக்குக் கை காட்டுகிறேன். சுவரின் கடைசித் தொட்டியை இனி வேறு எவனோ வைப்பான்.

அங்கே டாக்டர் சோதனையை நிறுத்தினாரா? அதை மட்டும் உடனே எழுது. அவளைத் திட்டாதே. திட்ட வேண்டியவன் இங்கே இருக்கிறேன்.

தம்பி


ஜூன் 5

தம்பிக்கு,

நிறுத்திவிட்டார்கள். உன் போன் வந்தபோது அவள் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பையோடு அப்படியே டாக்டர் வீட்டுக்குப் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்தேன், மருந்தே உள்ளே போகவில்லையா என்றார். இரவு மாத்திரையும் உள்ளே போய் ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சாம். காலையில் ஏற்றியதைப் பழையபடி ஒன்றாகக் குறைத்துவிட்டார். என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெறும் அட்டையைக் காட்டி அந்த அம்மாளிடம் சண்டை பிடித்தவள் நான்.

உன்மேல் இருக்கிற கோபத்தை எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது. ஒன்றே ஒன்று சொல்கிறேன். குழந்தையிடம் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன், திட்டவில்லை, கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு யாரு இருக்கா?" என்றாள். நான் ஒருத்தி எதிரில் நிற்கும்போதே கேட்டாள். பத்து வருஷமாக அவளுக்குத் தலை பின்னிவிடுகிறவள் நான். வலித்தது. அப்புறம் அவளே வந்து என் மடியில் படுத்துக்கொண்டாள். நான் அவள் பின்னலை அவிழ்த்துவிட்டேன்.

இப்போது கடையைச் சீக்கிரம் மூட அனுமதி வாங்கிவிட்டேன். இரவு மாத்திரையும் என் எதிரில்தான். பதினைந்து நாளில் நூற்று இருபத்தாறுக்கு வந்திருக்கிறது. அதே மாத்திரைதான்.

உனக்குக் கோபமாக எழுதினாலும் முடிவில் கேட்டுத்தான் ஆக வேண்டும். உன் உடம்பு எப்படி இருக்கிறது? உண்மையை எழுது.

அக்கா


ஜூன் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இதைப் பொய்யில்லாமல் எழுதுகிறேன்.

உங்களைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்று அத்தை சொன்னார். என்னால்தான் என்று முதலில் அழுதேன். நான் ஒழுங்காக மறைத்திருந்தால் பிரஷர் ஏறியது தெரிந்திருக்காது, டாக்டருக்குச் சந்தேகம் வந்திருக்காது, நீங்கள் போன் செய்ய வேண்டி வந்திருக்காது. இதை டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உன் உடம்பு மறைக்கத் தெரியாத உடம்பு, அதுக்கு நன்றி சொல்லு" என்றார்.

டாக்டர் மாத்திரையை மாற்றிவிட்டார், மீந்துவிட்டது என்று நான் எழுதியது பொய். அதற்கு மன்னித்துவிடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அத்தைக்குத் தெரியாமல் கேட்கிறேன். நீங்கள் விடுப்பில் வந்திருந்தபோது தினமும் சாப்பாட்டு மேசையில் உங்கள் முன்னால்தான் அந்த மஞ்சள் மாத்திரையைப் போட்டேன். அதேதான் உங்களுக்கு வந்தது. அது நான் போடாமல் அனுப்பியது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாமல் போட்டீர்களா, தெரிந்தே போட்டீர்களா?

தெரியாது என்று நீங்கள் எழுதினால் நான் நம்பிவிடுவேன்.

உங்கள் குண்டூசி


ஜூலை 1

என் குண்டூசிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வண்டி போய்விட்டது. அந்த வண்டியில் பதில் அனுப்ப என்னால் முடியவில்லை. தெரியாது என்று எழுதி உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். பிறகு கிழித்துப் போட்டேன்.

தெரியும்.

முதல் பொட்டலத்தில் தெரியாது, அது சத்தியம். மீந்துவிட்டது என்று நீ சொன்னதை நம்பினேன். ஏப்ரலில் இரண்டாவது பொட்டலம் வந்தபோது, மீந்தது இத்தனையா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததைத் தெரியாத மாதிரி மடித்துப் பெட்டியில் வைத்தேன். கழுத்து வலி இல்லை, தலை லேசாக இருந்தது, மேலே காற்று நன்றாக இருந்தது. நீ சின்னப் பெண், உனக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அத்தையின் கடிதம் வருகிற வரையில் தினமும் இரவில் உன் மாத்திரையைத் தெரிந்தேதான் போட்டேன்.

கிரேன் போனது உன்னால் அல்ல. அது என் பிரஷரால் போனது, அதை மறைத்ததால் போனது. உன்மேல் ஒரு துளி தப்பும் இல்லை.

நீ என்னைக் காப்பாற்ற நினைத்தாய். நான் உன்னை நினைக்கவில்லை. இதைவிட நல்லபடியாக எழுத எனக்குத் தெரியவில்லை.

என் மருந்தைப் போடுகிறேன். போன வாரம் நூற்று ஐம்பது. இன்னும் இறங்க வேண்டும் என்கிறார் டாக்டர்.

அப்பா


ஜூலை 27

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ரொம்ப நாள் பதில் எழுதக்கூடாது என்று இருந்தேன். அத்தையிடமும் காட்டவில்லை. அத்தை கேட்டதற்கு, அப்பா நலமாம் என்றேன்.

கோபமாகத்தான் இருக்கிறேன். இப்போதைக்குப் போகாது போலிருக்கிறது. நீங்கள் தெரியாது என்று எழுதியிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும், ஆனால் அப்புறம் உங்கள் ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு தடவை படித்துப் பார்க்க வேண்டி வந்திருக்கும். இப்போது ஒரு தடவை படித்தால் போதும்.

நேற்று ஆஸ்பத்திரியில் இதயத்தைப் படம் எடுத்தார்கள். தடிப்பு கொஞ்சம் குறைய ஆரம்பித்திருக்கிறதாம். பிரஷர் நூற்றுப் பதினெட்டு, கீழே எழுபத்து நாலு. அத்தை டாக்டர் எதிரிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியில் தூசி என்றார்.

அடுத்த விடுப்பில் வரும்போது உங்கள் பட்டையை நான்தான் கட்டுவேன். சிரிக்கக்கூடாது, பேசக்கூடாது, வந்த நம்பரை அத்தை எதிரில் உரக்கப் படிப்பேன்.

மணி ஒன்பது ஆகிறது. அத்தை தண்ணீரோடு வந்து நின்றார். நான் போட்டாச்சு. நீங்கள் போட்டாச்சா?

குண்டூசி